அந்தக் கட்டியைத் தள்ளிப்போடாதே

அன்பு மகளுக்கு,

வீடியோ காலில் கழுத்தைச் சுற்றி ஷால் போட்டிருந்தாய். நீ தண்ணீர் குடிக்கும்போது அது விலகியது. விழுங்கும்போது தைராய்டு கட்டி மேலே ஏறி இறங்கியதைப் பார்த்துவிட்டேன். சர்ஜரி வார்டில் வேலை பார்த்தவளுக்கு அது போதாதா? தம்பியைக் குடைந்தேன். ஊசி டெஸ்டில் புற்றோ என்று சந்தேகம் வந்திருக்கிறது, டாக்டர் ஆபரேஷன் சொல்லிவிட்டார், அக்காதான் தள்ளிப்போடுகிறாள் என்றான். அவனைத் திட்டாதே. வீட்டில் குழாய் ஒழுகினால்கூட எனக்குப் போன் செய்கிறவள், இதை மட்டும் மறைத்துவிட்டாய்.

ஏன் என்று கேட்கப்போவதில்லை. பாடுகிறவளுக்கு வேறென்ன பயம் இருக்கும்?

அந்தப் பயம் வீண் என்றும் சொல்லமாட்டேன். தைராய்டுக்குப் பின்னால் ஒட்டினாற்போல் குரல் நாணுக்குப் போகும் நரம்பு ஓடுகிறது. அது இழுபட்டாலே குரல் கம்மிவிடும். பெரும்பாலும் சில வாரத்தில், சில மாதத்தில் திரும்பிவிடும், அறுபட்டால் அப்படியில்லை. மேல் பக்கம் இன்னொரு மெல்லிய நரம்பு. அதில் அடிபட்டால் பேச்சு நன்றாகவே இருக்கும், மேல் ஸ்தாயி மட்டும் எட்டாது. அதனால் பாடுகிறவள் என்று டாக்டரிடம் முதலிலேயே சொல். வருடத்துக்கு எத்தனை தைராய்டு ஆபரேஷன் செய்கிறார் என்று கேள். ஆபரேஷனுக்கு முன்பே கேமரா விட்டுக் குரல் நாண் அசைவைப் பார்க்கச் சொல். ஆனால் தள்ளிப்போடாதே. அது புற்றாக இருந்து நரம்பையே பிடித்துக்கொண்டால், நீ காப்பாற்ற நினைக்கிற குரலே போய்விடும்.

முழுச் சுரப்பியையும் எடுத்தால் ஆயுள் முழுக்கத் தைராக்சின் மாத்திரை, வெறும் வயிற்றில். சரி, அது பழகிவிடும். தைராய்டுக்குப் பின்னால் நெல்மணி அளவில் நான்கு சுரப்பிகள் இருக்கும். அவை அடிபட்டால் ரத்தத்தில் கால்சியம் இறங்கும். உதட்டைச் சுற்றியோ விரல் நுனியிலோ மதமதப்பாக இருந்தால் உடனே நர்ஸைக் கூப்பிடு. எத்தனை ஆபரேஷன் செய்கிறார் என்று டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படாதே. எத்தனை பேர் முன்னால் மைக் பிடித்தவள் நீ!

என் பயம் வேறு. முதல் 24 மணி நேரத்துக்குள் உள்ளே ரத்தம் கசிந்து கழுத்து வீங்கினால் மூச்சுக்குழலை அழுத்திவிடும். தியேட்டருக்குக் கொண்டுபோகக்கூட நேரமில்லாமல் கட்டிலிலேயே தையலைப் பிரித்ததைப் பார்த்திருக்கிறேன். அபூர்வம்தான். இருந்தாலும் அன்று ராத்திரி உன் பக்கத்தில் நான்தான் உட்காருவேன். மாப்பிள்ளை குழந்தையைப் பார்த்துக்கொள்ளட்டும். தேதி குறித்ததும் எனக்குச் சொல், தம்பி வழியாக வேண்டாம்.

அம்மா