எலுமிச்சையையும் கேளுங்கள்

ஆசிரியருக்கு,

மட்பாண்டத்தின் மேல் பூசிச் சுடும் கண்ணாடி போன்ற மெருகில் கைக்குக் கிடைத்ததைக் கலந்து பார்க்கத் தூண்டும் கட்டுரையைப் படித்தேன். எனக்கும் அந்தப் பைத்தியம் உண்டு. விறகுச் சாம்பலைச் சலித்துக் களிமண்ணோடு குழைத்துப் பூசி 1,280 டிகிரி செல்சியஸில் சுட்டால், சாம்பலின் சுண்ணாம்புச் சத்து களிமண்ணிலுள்ள சிலிக்காவை உருக்கிக் கண்ணாடியாக்கிவிடும். கிண்ணத்தின் விளிம்பிலிருந்து வழிந்து அடியில் துளியாகத் திரண்டு நிற்கும். சாம்பலை அலசும்போது கையுறை அவசியம். அதன் காரம் தோலை அரிப்பதற்கு என் விரல்களே சாட்சி. முட்டை ஓடும் சுண்ணாம்புதான், ஆனால் உட்சவ்வை உரிக்காமல் அரைத்தால் வாளி நாறிவிடும்.

கட்டுரையாளர் மேலோட்டமாகத் தொட்டுவிட்டுப் போனது செம்பை. பழைய மின்கம்பியின் உறையை உரித்து, செம்பைத் தூளாக ராவி மெருகில் தூவினேன். மயில்கழுத்துப் பச்சை! ஆசை தீரப் பார்த்துவிட்டு, கிண்ணத்தில் ஒரு துண்டு எலுமிச்சையை வைத்துப் படுத்தேன். காலையில் பழம் இருந்த இடம் மட்டும் வட்டமாக வெளுத்திருந்தது. புளிப்பு அந்தச் செம்பைக் கரைத்து எடுத்திருந்தது; அதில் குடித்திருந்தால் அது வயிற்றுக்குத்தான் போயிருக்கும்.

செலவில்லாத இந்தச் சோதனைக்குக் கட்டுரையில் இரண்டு வரி ஒதுக்கியிருக்கலாம். அந்தக் கிண்ணத்தில் இப்போது என் பேனாக்கள் கிடக்கின்றன.

– மண் பிசையும் வாசகர் ஒருவர்