கதவில் ஒட்டிய தாளை யார் படித்துச் சொல்வது?

பொது சுகாதார அறிவிப்புகளை எழுதி வெளியிடும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பின்னால் லைன் வீடுகள். ஒரு ரூமுக்கு ஐந்தாறு பேர், பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகள். எல்லோருக்கும் பனியன் கம்பெனியில்தான் வேலை.

கொரோனா பரவிய நேரம், 2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை இரவு 8 மணிக்குப் பிரதமர் டிவியில் இந்தியில் பேசினார். எங்களுக்கு முன்னால் அவர்களுக்குப் புரிந்துவிட்டது. நாங்கள் டிவியில் ஓடிய தமிழ் எழுத்தைப் படித்து முடிப்பதற்குள் ஒரு பையன் ஓடி வந்து, "அக்கா, 21 நாள் பந்த்" என்று அரிசி கேட்டான். நள்ளிரவே ஊரடங்கு. கையில் இருந்தது 4 மணி நேரம்.

அவர்களுக்கு நேராக வந்து சேர்ந்த அரசுச் செய்தி அது ஒன்றுதான். அரிசி பருப்பு எங்கே தருகிறார்கள், காய்ச்சல் வந்தால் எங்கே போவது, ஊருக்குப் போகும் ரயிலுக்கு எப்படிப் பெயர் கொடுப்பது என்று பிறகு எங்கள் தெருவுக்கு வந்ததெல்லாம் தமிழிலோ ஆங்கிலத்திலோ இருந்தது.

ஒருநாள் காலையில் ஒரு ரூம் கதவில் தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள். அந்த ரூம் ஒடியாப் பையன் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தான். "போலீஸ் பிடிச்சிட்டுப் போகுமா அக்கா?" என்று கேட்டான். போனை வாங்கிப் படித்தேன். 14 நாள் யாரும் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது என்று எழுதியிருந்தது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவன் வெளியே வந்து, வரிசையில் நின்றவர்களைத் தாண்டி என்னிடம் வந்திருந்தான். அவன் மேல் என்ன தப்பு?

வதந்திக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அவர்கள் ஊர்ப் பேச்சிலேயே, வாட்ஸ்அப்பில் குரலாக வந்துவிடும். ஊரடங்கு மூன்று மாதத்துக்கு மேல் நீளும் என்ற பொய்ச் செய்தியால்தான் வெளியூர்த் தொழிலாளர்கள் சொந்த ஊருக்கு நடக்கத் தொடங்கினார்கள் என்று மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. சந்தேகம் தீர்க்கும் தினசரி அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டும் என்று மார்ச் 31 அன்று நீதிமன்றமும் சொன்னது. சம்பளமும் சாப்பாடும் நின்றதுதான் பெரிய காரணம் என்பேன். ஆனால் அந்த அறிக்கை எந்த மொழியில், யார் வாயால் என் பின்கட்டு ரூமுக்கு வந்து சேரும் என்பதை யாராவது யோசித்திருக்க வேண்டும்.

அடுத்த நோய் வருவதற்கு முன்பே செய்து வையுங்கள். எழுத்து வேண்டாம், குரல் வேண்டும். இந்தி மட்டும் போதாது, ஒடியாவும் வங்காளமும் போஜ்புரியும் வேண்டும். ஒரு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. முதல் வரியிலேயே தேதியைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பழையது மாதக்கணக்கில் சுற்றும். திருப்பிக் கேட்டால் அதே மொழியில் பதில் சொல்ல ஒரு ஆள் போனில் இருக்கவேண்டும். சோதனைக்குப் போனால் கூலி போகுமா, ரூமைக் காலி செய்யச் சொல்வார்களா என்பதற்கும் பதில் வேண்டும். அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

முடியாத காரியம் இல்லை. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது முதலமைச்சரே பீகார் முதலமைச்சரிடம் போனில் பேசினார். உதவி எண்களும் இந்தி விளக்கங்களும் சில நாளில் வந்தன.

அந்தக் குரல் பதிவை மெஸ்காரர், ரீசார்ஜ் கடைக்காரர், மேஸ்திரி கையிலும் கொடுங்கள். என் கடையில் ஒரு ஸ்பீக்கர் இருக்கிறது. ஷிப்ட் விட்டு வரும் ராத்திரி எட்டரை மணிக்கு நானே போடுகிறேன்.

இப்படிக்கு,
அனுப்பர்பாளையம் மளிகைக் கடைக்காரி