ஜாப் கார்டில் ‘நார்மல்’, ஓட்டினால் உறுமல்

அனுப்புநர்:
கருப்பட்டி வியாபாரி, சாயல்குடி, ராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு, கார் நிறுவனத் தலைமை அலுவலகம்.

பொருள்: ஓடும்போது காருக்குள் கேட்கும் அதிக இரைச்சல், காரணம் பார்க்காமலே டயர் மாற்றச் சொன்னது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் ராமநாதபுரம் சர்வீஸ் சென்டரில் காரை விட்டு எடுக்கும்போதெல்லாம் வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டில் ஒரே வரியைத்தான் எழுதித் தருகிறார்கள்: ‘ரோடு சத்தம், நார்மல்.’ கடைசியாகப் போனபோது நாலு டயரையும் மாற்றச் சொல்லி ஓர் எஸ்டிமேட்டும் சேர்த்துக் கொடுத்தார்கள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அங்கே இதுவரை யாரும் தேடவில்லை. அதனால் நானே தேடினேன். தேடியதில் தெரிந்ததை எழுதுகிறேன். உங்கள் டெக்னிக்கல் ஆட்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

வண்டி ஐம்பதைத் தாண்டியதும் பின்னால் இடது பக்கத்திலிருந்து ஓர் உறுமல் கிளம்புகிறது. எண்பதுக்குப் போனால் பின் சீட்டில் இருக்கும் அம்மா பேசுவது எனக்குக் கேட்பதில்லை. வாங்கிய புதிதில் இப்படி இல்லை. வாரண்டி இன்னும் முடியவில்லை.

என் ஓட்டமெல்லாம் கிழக்குக் கடற்கரைச் சாலைதான். இந்தப் பக்கம் ஏர்வாடி, கீழக்கரை வழியாக ராமநாதபுரம். அந்தப் பக்கம் தூத்துக்குடி. “உங்க ஊர் ரோடு அப்படி சார்” என்றார் சர்வீஸ் அட்வைசர். ஜல்லி தெரியும் பழைய தார் ரோட்டில் எந்தக் காரும் இரையத்தான் செய்யும், சரி. ஆனால் ரோட்டால் வரும் டயர் சத்தமாக இருந்தால், வழவழப்பான புதுத் தார் மேல் ஏறியதுமே அது அடங்க வேண்டும், இல்லையென்றால் சுருதியாவது மாற வேண்டும். இது அசையவில்லை. ரோடு எதுவானாலும் வேகத்துக்கு ஏற்ற அதே உறுமல். ஆளில்லாத நேர் ரோட்டில் எண்பதில் போய் நியூட்ரலில் விட்டுப் பார்த்தேன். எஞ்சின் சத்தம் இறங்கியது, உறுமல் இறங்கவில்லை. ஆக எஞ்சினும் இல்லை.

காற்றா என்றும் பார்த்தாயிற்று. ராமேஸ்வரம் போகையில் பாம்பன் ரோட்டுப் பாலத்தில் பக்கவாட்டில் அடித்த காற்றுக்குக் கதவு ஓரம் மெல்லிய விசில் ஒன்று கேட்டது; அது வேறு. பாலத்தின் இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்கும்போது வரும் ‘டடக் டடக்’கும் வேறு. அதற்கெல்லாம் உங்களிடம் புகார் எழுத மாட்டேன். ஊருக்கு வந்ததும் பெயின்ட் கடையில் மாஸ்கிங் டேப் வாங்கி, பின் கதவு இடுக்குகளை மூடி ஒட்டிவிட்டு ஓட்டினேன். உறுமல் அப்படியே இருந்தது.

வளைவுகளில்தான் விஷயம் பிடிபட்டது. வலது பக்கம் வளையும்போது சத்தம் ஏறுகிறது, இடது பக்கம் வளையும்போது குறைகிறது. வலது பக்கம் திரும்பினால் வண்டியின் பாரம் இடது சக்கரங்கள் மேல் சாயும். பாரம் ஏறினால் கத்துகிற சாமான் பெரும்பாலும், சக்கரத்தைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங்தான். இது உங்கள் சர்வீஸ் சென்டருக்குத் தெரியாத வித்தை இல்லை.

அப்புறமும் டயர் மேல் சந்தேகம் மிச்சம் இருக்கக் கூடாது என்று, இடது பக்க முன் டயரையும் பின் டயரையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டினேன். டயர் காரணமென்றால் சத்தமும் கூடவே முன்னால் வந்திருக்க வேண்டும். வரவில்லை, பின்னாலேயே நின்றுவிட்டது. டயரில் மேடு பள்ளமான தேய்மானமும் இல்லை. பட்டன், அதாவது டயர் வரிப்பள்ளத்தின் ஆழம், தேய்ந்து 1.6 மில்லிமீட்டருக்கு வந்தால்தான் மாற்ற வேண்டிய எல்லை. என் டயரில் அது இன்னும் 5 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கிறது. இதைத்தான் மாற்றச் சொன்னார்கள். போதாததற்கு, “டயருக்கு வாரண்டி நாங்க இல்ல, டயர் கம்பெனிய கேளுங்க” என்றும் சொன்னார்கள். பேரிங் என்று எழுதினால் செலவு உங்களுடையது, டயர் என்று எழுதினால் என்னுடையது. வேண்டுமென்றே செய்தார்கள் என்று சொல்லவில்லை, ஆனால் கணக்கு அப்படித்தான் விழுகிறது.

ஏர்வாடியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் தம்பி ஒருவர் முன் சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டு, பின் இடது சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினார். “அண்ணாச்சி, கைய இங்க வைங்க” என்று சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கைத் தொடச் சொல்லிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டார். திருகையில் மணல் அகப்பட்ட மாதிரி ஒரு கரகரப்பு ஸ்பிரிங் வழியாக விரல்களில் ஏறியது. வலது பக்கம் தூக்கிச் சுற்றியபோது கைக்கு ஒன்றுமே தெரியவில்லை. இவ்வளவையும் பார்த்து முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

தூக்கியபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. அதே சக்கரத்தின் மட்கார்டு உள்பக்க பிளாஸ்டிக் கவரைக் காணோம். கிளிப் மாட்டும் ஓட்டைகள் மட்டும் இருக்கின்றன. போன சர்வீஸில் அந்தப் பக்கம்தான் பிரேக் வேலை பார்த்தார்கள். அதற்கு முன் பஞ்சர் ஒட்டியபோது எடுத்த போட்டோவில் கவர் இருக்கிறது. இப்போது மணலும் பொடிக்கல்லும் நேராகத் தகரத்தில் அடித்துச் சடசடவென்கிறது. கவர் போனதால் பேரிங் போனது என்று நான் முடிச்சுப் போடவில்லை. அவை இரண்டு தனிக் குறைகள். உப்புக்காற்று அடிக்கும் ஊரில் தகரம் அப்படித் திறந்து கிடந்தால் துரு ஏற நாளாகாது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

“கருப்பட்டி லோடு ஏத்துவீங்க போல” என்று ஒரு வார்த்தையும் அங்கே வந்தது. சிப்பம் போவது மினி லாரியில். காரில் ஏறுவது நானும் வீட்டு ஆட்களும்தான். “கடற்கரைன்னா இப்படித்தான்” என்பதும் ஏற்க முடியாத பதில். இதே மாடலை வைத்திருக்கும் பக்கத்துத் தெருக்காரரும் இதே உப்புக்காற்றில், இதே ரோட்டில்தான் ஓட்டுகிறார். அவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போய்ப் பார்த்தேன். பேசுவது தெளிவாகக் கேட்கிறது.

நான் கேட்பது இவைதான். உங்கள் ஆள் ஒருவர் என்னோடு காரில் ஏறி, ஷெட் வாசலோடு திரும்பிவிடாமல், கீழக்கரை ரோட்டில் எண்பது வரை வந்து பார்க்க வேண்டும். முன் சீட் வேண்டாம், பின்னால் இடது பக்கம் உட்காரட்டும். பிறகு என் எதிரிலேயே வண்டியைத் தூக்கிப் பார்த்து, கண்டதை ஜாப் கார்டில் எழுத வேண்டும். பேரிங் என்று உறுதியானால் வாரண்டியில் மாற்றித் தர வேண்டும். காணாமல் போன கவரைக் காசு வாங்காமல் மாட்ட வேண்டும். இந்தச் சத்தத்துக்கென்று சொல்லித் திரும்பத் திரும்பச் செய்த அலைன்மென்ட், பேலன்சிங் கூலியையும் திருப்பித் தர வேண்டும்.

15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஜாப் கார்டு நகல்கள், டயர் எஸ்டிமேட், கவர் இருந்தபோதும் இல்லாதபோதும் எடுத்த போட்டோக்கள் இணைத்திருக்கிறேன். உறுமலைப் பதிவு செய்த ஆடியோவும் போனில் இருக்கிறது, கேட்டால் அனுப்புகிறேன்.

ஞாயிறு தவிர எந்த நாளும் காலையில் வண்டியைக் கொண்டுவர முடியும். முந்தின நாள் போன் செய்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
சாயல்குடி.