எல் ஃபாஷருக்காக ஒரு கேள்வி: தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சூடானின் மேற்கே, டார்ஃபூர் பகுதியில் உள்ள எல் ஃபாஷர் நகரத்துக்காக இதை எழுதுகிறேன். ஏறத்தாழ 18 மாதங்கள் நீடித்த முற்றுகையின் கடைசி மாதங்களில் அந்நகர மக்கள் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது கடலைப் புண்ணாக்கு. அவர்கள் அதை அம்பாஸ் என்கிறார்கள். எண்ணெய் ஆட்டிய பிறகு மிஞ்சும் சக்கை. நம் ஊரில் தொட்டியில் ஊறவைத்து மாட்டுக்குக் காட்டுகிறோமே, அதேதான். அதற்கும் தட்டுப்பாடு வந்தது. சூடான் ராணுவத்தோடு போரிடும் துணை ராணுவமான விரைவு ஆதரவுப் படையினர், உணவு உள்ளே வராதபடியும் மக்கள் வெளியே தப்பாதபடியும், நகரைச் சுற்றி 30 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்துக்கு மண்கரை எழுப்பியிருந்தார்கள்.

2025 அக்டோபர் 26 அன்று நகரம் அவர்கள் கையில் விழுந்தது. அடுத்த சில நாட்களில் அங்கிருந்த சவூதி மகப்பேறு மருத்துவமனையில் நோயாளிகளும் துணைக்கு இருந்தவர்களுமாக 460க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாகத் தகவல் வந்திருப்பதை உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. தெருவில் கிடந்த உடல்களும் மண்ணில் படிந்த ரத்தமும் செயற்கைக்கோள் படங்களில் தெரிவதாக யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சொன்னார்கள்.

இது எதிர்பாராமல் வந்த பேரழிவு அல்ல. 2003இல் டார்ஃபூர் கிராமங்களை எரித்த ஜன்ஜவீத் என்னும் ஆயுதக் குழுக்களிலிருந்து உருவானதே இன்றைய விரைவு ஆதரவுப் படை. 2023 ஏப்ரலில் அதற்கும் சூடான் ராணுவத்துக்கும் போர் மூண்ட சில வாரங்களிலேயே, அதே டார்ஃபூரின் எல் ஜெனினா நகரில் மசாலித் இன மக்கள் தேடித் தேடிக் கொல்லப்பட்டார்கள். எல் ஃபாஷர் முற்றுகையை உடனே நிறுத்த வேண்டும் என்று ஐ.நா. பாதுகாப்பு அவை 2024 ஜூனில் 2736ஆம் எண் தீர்மானத்தையும் நிறைவேற்றியது. அந்த ஆகஸ்டில் நகருக்கு அருகிலுள்ள ஸம்ஸம் அகதி முகாமில், அதாவது போரால் ஊரைவிட்டு வந்தோர் தங்கியிருந்த முகாமில், பஞ்சம் நிலவுவது உறுதிப்படுத்தப்பட்டது. அதன் பிறகும் ஓராண்டுக்கு மேல் முற்றுகை தொடர்ந்தது. எதிர்த் தரப்பான ராணுவத்தின் மீதும், சந்தைகளில் குண்டு வீசியது, நிவாரணத்தைத் தடுத்தது என்று கடுமையான குற்றச்சாட்டுகள் உள்ளன. அவற்றையும் நீங்கள் பேச வேண்டும்.

ஆப்பிரிக்காவின் உள்நாட்டுப் போரில் நமக்கென்ன வேலை என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். ‘உள்நாட்டு விவகாரம்’ என்ற அந்தச் சொல்லை 2009இல் முள்ளிவாய்க்கால் எரிந்துகொண்டிருந்தபோது நாம் கேட்டிருக்கிறோம். அதைக் கேட்டு நாம் எப்படித் துடித்தோம் என்பது உங்களுக்கு நினைவிருக்கும் என்று நம்புகிறேன். அதோடு, இனப்படுகொலையைத் தடுப்பதற்கான உடன்படிக்கையை 1959இல் ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா. நடந்த பிறகு தண்டிப்பதை மட்டுமல்ல, நடக்காமல் தடுப்பதையும் அந்த உடன்படிக்கையின் முதல் பிரிவு கடமையாகச் சொல்கிறது.

இந்தியாவால் என்ன செய்ய முடியும் என்று கேட்டால், மற்ற பல நாடுகளைவிட அதிகமாகவே முடியும் என்பேன். விரைவு ஆதரவுப் படைக்கு ஐக்கிய அரபு அமீரகம் வழியாக ஆயுதங்கள் போவதாக வந்த குற்றச்சாட்டுகள் நம்பத்தக்கவை என்று 2024 ஜனவரியில் ஐ.நா. நிபுணர் குழு கூறியது. அமீரகம் அதை மறுத்து வருகிறது. சூடானில் தோண்டப்படும் தங்கத்தின் பெரும்பகுதி போய்ச் சேரும் சந்தையும் அமீரகமே. அதே அமீரகத்துடன் 2022 மே முதல் நடைமுறையில் இருக்கும் வணிக ஒப்பந்தத்தில், அங்கிருந்து வரும் தங்கத்துக்கு நாம் இறக்குமதி வரிச் சலுகை தந்திருக்கிறோம். மகளின் கல்யாணத்துக்கு நகை எடுக்கப் போகும் ஒரு தாய், வளையலின் உட்புறத்தில் இருக்கும் 916 முத்திரையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குகிறாள். அந்த முத்திரை தங்கத்தின் தரத்தைச் சொல்லுமே தவிர, அது எந்த மண்ணில் தோண்டப்பட்டது, விற்ற பணத்தில் யார் துப்பாக்கி வாங்கினார்கள் என்பதைச் சொல்வதில்லை. அவளால் கேட்க முடியாத அந்தக் கேள்வியை அவள் வாக்களித்து அனுப்பிய நீங்கள் கேட்கலாம்.

ஆகவே உங்களிடம் வேண்டுவது இதுதான். அடுத்த கூட்டத்தொடரில், வெளியுறவு அமைச்சர் அவையில் வாய்மொழியாக விடை சொல்ல வேண்டிய நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாகவே இதை எழுப்புங்கள். டார்ஃபூருக்கு ஆயுதம் போவதை நிறுத்துவது பற்றி இந்தியா அமீரகத்திடம் பேசியிருக்கிறதா, சலுகை வரியில் வரும் தங்கத்தின் பிறப்பிடம் எப்படிச் சரிபார்க்கப்படுகிறது, பட்டினியில் இருப்போருக்கு நம் அரசு அனுப்பிய தானியமும் மருந்தும் எவ்வளவு என்று கேளுங்கள். 2023இல் காவேரி நடவடிக்கையின்போது 3,800க்கும் மேற்பட்ட இந்தியர்களைக் கடற்படைக் கப்பல்களும் விமானங்களும் சூடானிலிருந்து மீட்டு வந்தன. அவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். போர்ட் சூடான் துறைமுகத்துக்கு வழி நம் அரசுக்குத் தெரியும்.

கேள்விகளும் அமைச்சர்களின் விடைகளும் மக்களவை இணையதளத்தில் தேதிவாரியாக வெளியாகின்றன. கூட்டத்தொடர் நடக்கும் ஒவ்வொரு நாளும் அங்கே ‘சூடான்’ என்ற சொல்லைத் தேடிப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டு வாக்காளர் ஒருவர்