ராத்திரி மிஞ்சும் குழம்பு

சிவமயம்

காரைக்குடி

அன்பு மகனுக்கு அப்பச்சி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம்.

உன் சாப்பாட்டுக் கடைக்கு உணவுப் பாதுகாப்பு அலுவலர் எப்போது வேண்டுமானாலும் வருவார் என்று யாரோ சொன்னதிலிருந்து நீ சரியாகத் தூங்குவதில்லை என்று ஆத்தா சொன்னாள். போனில் சொன்னால் பாதியிலேயே "சரி அப்பச்சி" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

காகித வேலை சுலபம். லைசென்ஸை வருகிறவர் கண்ணில் படும்படி மாட்டு, அந்த 14 இலக்க எண் பில்லிலும் இருக்கட்டும். வேலையாட்களின் மருத்துவச் சான்று, தண்ணீர் பரிசோதனை அறிக்கை, பூச்சி மருந்து அடித்த ரசீது எல்லாம் ஒரே ஃபைலில் இருந்தால் போதும்.

எனக்குக் கவலை ராத்திரி மிஞ்சும் குழம்புதான். கறிக்குழம்பு மறுநாள்தான் ருசி என்போம். வீட்டுச் சட்டிக்கு அது சரி, சீக்கிரம் ஆறிவிடும். கடை அண்டா அப்படியில்லை. மேலே ஆறினது போலத் தெரியும்; நடுவில் விடிய விடிய வெதுவெதுப்பாகவே கிடக்கும். சில கிருமிகளின் வித்துகள் கொதியிலும் சாகாமல் கிடந்து, அந்த வெதுவெதுப்பில் முளைத்துப் பெருகிவிடும். கறிக்குழம்பில் ஒரு வகை, சோற்றில் இன்னொரு வகை. காலையில் ஒரு கொதி விட்டால் போச்சு என்பார் உன் மாஸ்டர். சோற்றுக் கிருமி விடும் விஷம் கொதிக்கவைத்தாலும் போகாது, அவரிடம் சொல்.

சூடாக வைப்பது 60 டிகிரிக்கு மேலே, குளிராக வைப்பது 5 டிகிரிக்குக் கீழே. மிஞ்சியதை அகலமான எவர்சில்வர் தட்டுகளில் இரண்டங்குல உயரத்துக்கு ஊற்றி, ஐஸ் தண்ணீரில் வைத்து ஆற்றி, உடனே பிரிட்ஜில் ஏற்று. அண்டாவோடு உள்ளே தள்ளினால் அதுவும் ஆறாது, பக்கத்தில் இருக்கிற பாலும் கெடும். சமைத்தது மேல் தட்டில், பச்சைக் கறி கீழ்த் தட்டில். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கு. கைப்பக்குவத்துக்கு மிஷினா என்று மாஸ்டர் முறைப்பார், முறைக்கட்டும். இதைவிட நல்லது, மதியத்துக்குத் தனியாக, ராத்திரிக்குத் தனியாக அளவாக வைப்பது. விறகு கேஸ் செலவு கொஞ்சம் கூடும்தான்.

சீயமும் வெள்ளைப் பணியாரமும் சுடுகிற எண்ணெயைக் கறுக்கும்வரை இழுக்காதே. போலார் காம்பவுண்ட், அதாவது திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெய் கெட்டு அதில் சேர்கிற பொருள், 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைத் தொடக்கூடாது என்பது 2018 ஜூலை முதல் விதி. பயோடீசலுக்கு வாங்குகிறவர்களிடம் கொடுத்து ரசீது வாங்கி வை. கோழி வறுவலில் கலர்ப்பொடி மட்டும் வேண்டவே வேண்டாம். செட்டிநாட்டுக் கடை என்று போர்டு மாட்டிக்கொண்டு சிவப்புக்குப் பொடி தூவுகிறவர்களை நினைத்தால் எனக்கு எரிச்சலாக வருகிறது.

அலுவலர் வந்தால் டீ வாங்க ஓடாதே. கூடவே நட. அவர் சொல்லும் குறையை நீயும் ஒரு நோட்டில் எழுதிக்கொள். இம்ப்ரூவ்மெண்ட் நோட்டீஸ் கொடுத்தாலும் பதற வேண்டாம், அது சரிசெய்ய அவகாசம். அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால்தான் லைசென்ஸை நிறுத்திவைப்பார்கள்.

ராமநாதபுரம் முண்டு மிளகாயைக் காயவைத்து அரைத்தாயிற்று. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். அரைத்த தேதியை டப்பா மேலேயே எழுதியிருக்கிறேன். பழைய பொடி தீர்ந்தபிறகு பிரி.

அப்பச்சி