மனம் மாறாத மாமனார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மௌனப் படக் காலத்து நகைச்சுவைக் குறும்படங்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். அப்படங்களில் காதல் என்பது ஓடுவதற்கும் விழுவதற்கும் ஒரு சாக்கு மட்டுமே என்றும், பெண்ணின் தகப்பனார் கடைசிக் காட்சியில் மனம் மாறி ஆசி வழங்குவது வாடிக்கை என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அக்கால அமெரிக்க நகைச்சுவை நடிகரும் இயக்குநருமான பஸ்டர் கீட்டன், எடி க்ளைனுடன் சேர்ந்து 1920-இல் இயக்கிய 'நெய்பர்ஸ்' என்ற இரண்டு ரீல் (சுமார் இருபது நிமிட) படத்தை அவர் பார்த்திருந்தால், இவ்வளவு உறுதியாக எழுதியிருப்பாரா என்பது ஐயமே.

எதிரெதிரே இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்கள், அவற்றின் கொல்லைப்புறங்களுக்கு நடுவே ஒரு பலகை வேலி, இரு வீட்டுக்கும் குறுக்கே துணி காயப்போடும் கயிறுகள். படத்தின் பெரும்பகுதி இந்த இடத்திலேயே நடக்கிறது. காதலர்கள் வேலியில் உள்ள ஓட்டை வழியே கடிதம் மாற்றிக்கொள்கிறார்கள். பெண்ணின் அறைக்குள் நுழைந்து அகப்பட்டுக்கொள்ளும் பையனை (கீட்டனே நடிக்கும் பாத்திரம்), அவளுடைய தகப்பனார் துணியோடு துணியாகக் கயிற்றில் மாட்டி, அவன் வீட்டுக்கே இழுத்து அனுப்பிவிடுகிறார். சம்மதம் மறுக்கப்படுவதை இதைவிடத் தெளிவாக வசனத்தாலும் சொல்லிவிட முடியாது.

பின்பு இரு குடும்பங்களின் சண்டை நீதிமன்றத்துக்குப் போகிறது. பெற்றோர் குறுக்கே நிற்கக் கூடாது என்று நீதிபதி சொல்லிவிடுவதால் திருமணத்துக்கு நாளும் குறிக்கப்படுகிறது. ஆனால் மணமகனின் கால்சட்டை நழுவிக்கொண்டே இருக்க, சடங்கு தடைப்பட்டு நிற்கும் வேளையில், பொருள்களை ஐந்து சென்டுக்கும் பத்து சென்டுக்கும் மலிவாக விற்ற வுல்வொர்த் கடையில் வாங்கிய 10 சென்ட் மோதிரம் தகப்பனாரின் கண்ணில் பட்டுவிடுகிறது. நீதிமன்றம் வாங்கித் தந்த சம்மதம் அந்த மோதிரத்தோடு போயிற்று. அவர் மகளை வீட்டுக்கு இழுத்துச் செல்கிறார். காதலை அல்ல, பையனின் வசதியைத்தான் அவர் எடைபோட்டார் என்பது இங்கே வெளிப்படுகிறது. அதன் பிறகு அவர் மனம் மாறவே இல்லை. பெண்ணை அவருக்குத் தெரியாமல்தான் கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

கொண்டுபோகும் விதத்தைத்தான் நான் பலமுறை திரும்பப் பார்த்திருக்கிறேன். ஒருவர் தோள்மேல் ஒருவராக மூன்று பேர் நின்று, ஒரு தூண் போல நிமிர்ந்தபடி கொல்லையைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போகிறார்கள். மேலே நிற்பவர் கீட்டன், கீழே இருவர் தொழில்முறைக் கழைக்கூத்தர்கள். ஆபத்து வந்ததும் மூவரும் ஒரே நொடியில், அவரவர் உயரத்துக்கு நேராக உள்ள மூன்று மாடிகளின் ஜன்னல்களுக்குள் மறைகிறார்கள். கேமரா தள்ளி நின்று முழு உருவத்தையும் காட்டுவதால், பார்ப்பவர் எந்த ஏமாற்றையும் சந்தேகிக்க வழியில்லை.

எல்லாவற்றையும் நான் புகழ்வதாக நினைக்க வேண்டாம். முகமெல்லாம் கறுப்பாகிப்போன கீட்டனைக் கறுப்பினத்தவர் என்று காவலர் தவறாகக் கருதும் பகுதி அந்தக் கால அமெரிக்காவின் இனக் கேலி. இன்று அதைப் பார்க்கச் சங்கடமாகவே இருக்கிறது.

இன்னொரு செய்தியும் கட்டுரையில் விடுபட்டிருக்கிறது. பையனின் தகப்பனாராக நடிப்பவர் ஜோ கீட்டன், பஸ்டரின் சொந்தத் தந்தை. சிறு பிள்ளையாக இருந்த மகனை மேடையில் தூக்கி எறிந்து சிரிக்கவைப்பதே அக்குடும்பத்தின் தொழிலாக இருந்தது. எறிவதற்கு வாகாகப் பையனின் உடையில் பெட்டிக்கு இருப்பது போல ஒரு கைப்பிடியும் தைத்திருந்தார்கள். ஆகவே இப்படத்தில் தகப்பனும் மகனும் மோதிக்கொள்ளும் காட்சிகளுக்குப் பின்னால் பல்லாண்டு மேடைப் பயிற்சி இருக்கிறது. கட்டுரையாளர் கீட்டனைப் பற்றித் தனியாக எழுதும்போது, இந்தத் தகப்பனுக்கும் ஒரு பத்தி ஒதுக்குவார் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.