உரத்தோங்கின் அடியில் வெள்ளைச் சேறு

அன்புள்ள கூட்டாளிக்கு,

கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லாரும் சுகம் என்றறிந்து மகிழ்ச்சி. இங்கே சுங்கை சிப்புட்டில் சாயங்கால மழை தவறுவதில்லை. அங்கேயும் பெய்தால் பிடித்து வை. மழைத் தண்ணீரில் இசி (கரைந்த உப்பைக் காட்டும் மின்கடத்தும் அளவு) ஏறக்குறைய சுழி, உரம் கரைக்க நல்ல தண்ணீர்.

உன் மிளகாய்ச் செடிகளுக்கு வருவோம். டிரிப்பர் (செடிக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் முனை) அடைப்பதற்கும் தோங்கின் (பீப்பாயின்) அடியில் வெள்ளைச் சேறு படிவதற்கும் காரணம் ஒன்றுதான்: ஏ உரத்தையும் பி உரத்தையும் கெட்டியாகவே ஒரே தோங்கில் ஊற்றிவிட்டாய். ஏ-யில் கால்சியம் நைட்ரேட். பி-யில் மெக்னீசியம் சல்பேட். தனித்தனியே இரண்டும் தாராளமாகக் கரையும். சேர்ந்தால் ஏ-யின் கால்சியம் பி-யின் சல்பேட்டைப் பிடித்து ஜிப்சமாகிவிடும். ஒரு லிட்டர் தண்ணீர் தாங்கும் ஜிப்சம் 2.4 கிராம் அளவுதான். உன் கெட்டிக் கலவையிலோ லிட்டருக்குப் பதினைந்து கிராமுக்கு மேல் உண்டாகும். மிச்சம் அடியில் விழாமல் எங்கே போகும்? அதையே 100 லிட்டர் தண்ணீரில் ஏ ஒரு லிட்டர், பி ஒரு லிட்டர் என்று ஊற்றினால் லிட்டருக்கு அரை கிராம்கூட வராது, எல்லாம் கரைந்தே இருக்கும். முதலில் தண்ணீர், அடுத்து ஏ, நன்றாகக் கலக்கிய பிறகு பி. பிஎச் 5.5-க்கும் 6.5-க்கும் நடுவில் இருக்கட்டும். 7-ஐத் தாண்டினால் பாஸ்பேட்டும் கால்சியத்தோடு சேர்ந்து படியும்.

100 லிட்டர் தோங்குக்கு அளவு (ஏ-க்கு ஒரு தோங்கு, பி-க்கு ஒரு தோங்கு): ஏ-யில் கால்சியம் நைட்ரேட் 10 கிலோ, அதோடு இரும்புச் சத்து (இடிடிஏ சேர்த்த, தண்ணீரில் கரையும் வகை). பி-யில் பொட்டாசியம் நைட்ரேட் 6 கிலோ, எம்கேபி (மோனோ பொட்டாசியம் பாஸ்பேட்) 2.6, மெக்னீசியம் சல்பேட் 5, மற்ற நுண்சத்துகள். வெயில் பட்டால் இரும்பு கெடும், ஏ தோங்கைக் கறுப்புத் துணியால் மூடு.

பொட்டாசியம் நைட்ரேட்டில் அவசரம் கூடாது. அது கரையும்போது தண்ணீரின் சூட்டை இழுத்துக்கொள்ளும். 6 கிலோவையும் 20 லிட்டர் வாளியில் கொட்டினால் தண்ணீர் சுமார் 15 டிகிரி இறங்கி, வாளியின் வெளிப்புறம் ஐஸ் தண்ணீர் தம்ளர் போல வியர்க்கும். குளிர்ந்த தண்ணீரில் அது கரைவதும் குறைவு: 20 டிகிரியில் லிட்டருக்கு 316 கிராம், 10 டிகிரியில் 210 கிராம்தான். அப்புறம் எவ்வளவு கிண்டினாலும் அடியில் மணல் மாதிரி கிடக்கும். தோங்கில் 70 லிட்டர் ஊற்றிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்கு. முழுக்கக் கரைந்ததும் அடுத்த உப்பு. எல்லாம் முடிந்த பிறகே 100-க்கு நிரப்பு.

செம்பனைக்குப் போடும் சிவப்பு எம்ஓபி (பொட்டாஷ் உரம்) மிஞ்சியிருக்கிறது, அதைச் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். அந்தச் சிவப்பு கரையாத இரும்பு ஆக்சைடும் களிமண்ணும். டிரிப்பருக்கு அதுவே எமன். கீசரைட்டும் மெக்னீசியம் சல்பேட்தான் என்றாலும் கரைய நாளெடுக்கும். இரண்டும் மரத்தடிக்கே போகட்டும்.

அடைத்த டிரிப்பரை ஆசிட்டில் ஊறப்போடாதே. பாஸ்பேட் படிவு ஆசிட்டுக்குக் கரையும், ஜிப்சம் அசையாது. கழற்றி வெறும் தண்ணீரில் ஓரிரு நாள் ஊறவை, தண்ணீரை மாற்றிக்கொண்டே இரு. வழிவிடாததைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டு. 100 லிட்டர் தண்ணீரில் கரைத்த புதுக் கலவையின் இசி 2.4 பக்கம் வரும். நாற்றுகளுக்கு அதில் பாதி போதும். அளந்து பார்த்து எழுது.

அன்புடன்,
உன் கூட்டாளி